ஞாயிற்றுக்கிழமை மாத்திரை

பார்சிலோனாவுக்கு நாங்கள் மூன்று பேர் போனோம்: நான், மனைவி, மகன். அவளுடைய ரத்த அழுத்த மாத்திரையை ஒன்பது நாளுக்கு ஒன்பது என்று எண்ணி வைத்திருந்தேன். மகன் லீவை இரண்டு நாள் நீட்டிவிட்டான். சனிக்கிழமை காலை அவள் விழுங்கியது கடைசி மாத்திரை.

அன்று மாலை ஓட்டலுக்குப் பக்கத்தில் மருந்துக்கடை திறந்திருந்தது. "இப்பவே வாங்கிடலாம்பா" என்றான் மகன்.

"நாளைக்குப் போற ஊர்ல வாங்கலாம். நாளைக்கு ஞாயிறு, கூட்டம் இருக்காது" என்றேன். வளைகுடாவில், மனாமாவின் குதைபியா பகுதியில், முப்பத்தொரு வருடம் இருந்தவன் நான். எனக்கு விடுமுறை என்றால் வெள்ளி, சனி. ஞாயிறு டியூட்டி நாள்.

மறுநாள் சான் குகாத். ரயிலில் அரை மணி நேரம். பழைய மடாலயத்தைச் சுற்றிப் பணக்கார ஊர். தெருவெல்லாம் துடைத்து வைத்ததுபோல் இருந்தது. முதல் மருந்துக்கடை மூடியிருந்தது. இரண்டாவதும் மூடியிருந்தது. மூன்றாவது கடையின் இரும்புக் கதவைப் பார்த்ததும்தான் இங்கே ஞாயிறுதான் விடுமுறை என்று எனக்கு உறைத்தது. போன வருடம் ஒரு வேளை மாத்திரை தவறியதற்கே அவள் சமையலறையில் தலைசுற்றி விழுந்திருந்தாள்.

"தலை கனமா இருக்கா?"

"நீங்க கேட்டுக் கேட்டுத்தான் கனக்குது. இது ஆறாவது தடவை."

ஏழாவது தடவை. நான் எண்ணிக்கொண்டுதான் இருந்தேன்.

கதவில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. மகன் அதன்மேல் போனைக் காட்டி, மொழிபெயர்த்துப் படித்தான். "முறை வச்சுத் திறக்கறாங்கப்பா. இன்னிக்கு ஒரு கடை உண்டு. பதினைஞ்சு நிமிஷம் நடக்கணும்."

அவளை மடாலய வாசல் பெஞ்சில் மகனோடு உட்காரவைத்துவிட்டு, போனை வாங்கிக்கொண்டு நான் மட்டும் நடந்தேன். ஆயிரத்து எண்ணூறு அடி வரை எண்ணினேன். அதற்குமேல் எண்ணிக்கை தவறிவிட்டது. கடைக்காரப் பெண் டாக்டர் சீட்டு கேட்டாள். மூன்று நகல் வைத்திருந்தேன். அவசரத்தில் மூன்றையும் கொடுத்துவிட்டேன். ஒன்றை எடுத்துக்கொண்டு இரண்டைத் திருப்பித் தந்தாள்.

திரும்பி வந்தபோது அவள் அதே பெஞ்சில் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தாள். மாத்திரையை விழுங்கிவிட்டு டப்பாவைத் திருப்பிப் பார்த்தாள்.

"டப்பாவுல மொத்தம் எத்தனை?"

"இருபத்தெட்டு."

"அப்போ இன்னியோட சேர்த்து நாலு ஞாயிறு தாங்கும்" என்றாள். "உள்ள போய்த் தூணை எண்ணணும்னீங்களே, போங்க."

போகவில்லை. அவள் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.