மைக்கோடு வரை

ஆய்வகத்தில் அவளை எல்லோரும் அளவக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். வீக்கத்தையும் வலியையும் குறைக்கும் புது மருந்துகளைச் சோதிக்கும் இடம் அது. குறைப்பதற்கு முதலில் வீக்கம் வேண்டுமல்லவா? அதனால் எலிக்கு மருந்தைப் புகட்டிவிட்டு, பின்னங்காலில் ஊசி போட்டு வீங்க வைப்பார்கள். அளவக்கா எலியைத் துணியில் சுற்றி, கணுக்காலில் போட்ட மைக்கோடு வரை அந்தக் காலை நீர்க்குழாயில் முக்குவாள். எவ்வளவு நீர் ஏறுகிறதோ அவ்வளவு வீக்கம். கையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்தால் போதும், எந்த மருந்தும் பலித்துவிடும்.

வீட்டில் ஒரு நிமிஷம் ஓரிடத்தில் உட்காராதவள். குழாய்க்கு முன்னால் மட்டும் அவள் கை ஆடாது.

எந்தக் கூண்டுக்கு மருந்து, எதற்கு வெறும் தண்ணீர் என்பது அவளுக்குத் தெரியக் கூடாது. தெரிந்தால் கை சாய்ந்துவிடுமாம். மாடியில் அந்த மருந்தைத் தயாரிப்பவர் அவளுடைய கணவர்தான். அதில் யாருக்கும் ஆட்சேபம் இல்லை. கூண்டு தெரியாத வரை யார் புருஷனாக இருந்தால் என்ன? அவருக்கு அது ஐந்து வருஷ உழைப்பு. இந்தச் சுற்றிலும் பலிக்காவிட்டால் மூட்டை கட்டிவிடலாம் என்று தலைமை ஆய்வாளர் மேடம் சொல்லியிருந்தார்.

மூன்றாவது கூண்டைத் திறந்த அளவக்கா குனிந்து உற்றுப் பார்த்தாள். எலிகளின் மீசையில் மஞ்சள். கணவரின் சட்டைக் கையில் எத்தனை சோப்புப் போட்டாலும் போகாத அதே மஞ்சள்.

முக்கினாள். மைக்கோடு நீருக்கு ஒரு நூல் மேலே நின்றது. மறுபடி முக்கினாள், இப்போது கோடே மூழ்கிவிட்டது. கட்டிய புருஷனுக்குச் சாதகம் செய்யக் கூடாது என்ற வைராக்கியமும் ஒரு சாய்வுதான் போலிருக்கிறது. எலியைக் கூண்டில் விட்டுவிட்டு நேரே மேடத்திடம் போனாள்.

"மேடம், எனக்குத் தெரிஞ்சு போச்சு."

"என்னம்மா தெரிஞ்சு போச்சு?"

"மூணாவது கூண்டு எங்க வீட்டுக்காரர் மருந்து. மீசையெல்லாம் மஞ்சள்."

"மஞ்சள்னா? அது எதுவா வேணா இருக்கலாமே."

"இது நான் தினமும் துவைக்கிற மஞ்சள், மேடம்."

மேடம் தலையில் கை வைத்துக்கொண்டார். அந்தச் சுற்று முழுவதும் குப்பைக்குப் போனது.

வீட்டில் கணவர் குதித்தார். "ஊர்ல இல்லாத நேர்மை! வாயை வச்சிக்கிட்டு சும்மா இருக்க முடியலையா உனக்கு?"

"வாய் சும்மாதாங்க இருந்துச்சு. கைதான் இருக்கல."

"நல்லா இருந்துச்சா, இல்லையா? அதையாவது சொல்லு!"

"அதான் எனக்கும் தெரியலையே! ஒரு தடவை நல்லா இருந்துச்சு, மறு தடவை மோசமா இருந்துச்சு. ஒரே எலி, ஒரே கால்."

மேடம் இன்னொரு சுற்றுக்கு அனுமதி கொடுத்தார். இந்த முறை மருந்து, தண்ணீர் எல்லாவற்றிலும் ஒரே மஞ்சள் சாயத்தைக் கலந்துவிட்டார்கள். அளவக்கா முக்கி எடுத்துவிட்டு வீடு திரும்பியபோது கணவர் வாசலிலேயே நின்றார்.

"என்னாச்சு?"

"சில காலு வடிஞ்சிருக்கு. சிலது பன்னு மாதிரி உப்பியிருக்கு."

"என் எலி எதுடி?"

"எல்லா மீசையும் மஞ்சள். இன்னைக்கு எல்லாமே உங்க எலிதாங்க."

அவர் கூடத்தில் குறுக்கும் நெடுக்குமாக நடக்க ஆரம்பித்தார். அளவக்கா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அதன் அடியில் அவள் கால் மட்டும் ஆடிக்கொண்டிருந்தது.