மேஜரின் தோள்பட்டியில் இரண்டு துளைகள்

மேஜரின் காக்கிக் கோட்டு போன மாதம் மறுபடியும் என் தையல் மேசைக்கு வந்தது. கொண்டுவந்தவள் அவருடைய மகள். அப்பா இறந்துவிட்டார், கோட்டை அவருடைய பழைய படைப்பிரிவின் காட்சி அறைக்குக் கொடுக்கப்போகிறோம், சுத்தம் செய்து அயர்ன் பண்ணித் தாருங்கள் என்றாள். கண்ணாடிப் பெட்டிக்குள் வைப்பதற்கென்று அவர்கள் அடித்துக் கொடுத்திருந்த அட்டையையும் காட்டினாள். பிறந்த ஊர், போன போர்கள், பெற்ற பதக்கங்கள். கடைசி வரியில் 'தன் விருப்பப்படி ஓய்வு பெற்றார்' என்றிருந்தது. அதைப் படித்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தோள்பட்டிகளை விரலால் தடவிப் பார்த்தேன். கிரீடச் சின்னத்துக்குக் கீழே பட்டிக்கொரு துளை இருந்த இடம் வழுவழுவென்றிருந்தது. யாராலும் கண்டுபிடிக்க முடியாது. அவ்வளவு நேர்த்தியாக அவற்றை மூடியவள் நான்தான்.

ஈராக்கில் போர் தொடங்கிய காலத்தில் அவர் முதன்முதலாக எங்கள் கடைக்கு வந்தார். நாங்கள் பாரிஸிலிருந்து வந்து லண்டன் ரெய்னர்ஸ் லேனில் தையல் கடை போட்டு இரண்டு வருஷம்கூட ஆகவில்லை. பிரிட்டிஷ் இராணுவத்தில் மேஜராகப் பதவி உயர்ந்திருந்தார். புதுக் கோட்டின் தோளில் கிரீடத்தைப் பொருத்த வேண்டும் என்றார். சீருடையைக் கண்டதும் ஓரடி பின்னால் போனேன். இலங்கையில் எங்கள் வீட்டைக் கொளுத்தியவர்களும் சீருடைக்காரர்கள்தான். அவர் போனபிறகு, கடைக்கு வழக்கமாக வரும் அண்ணை ஒருவர் என்னைப் பிடித்துக்கொண்டார். "ஆமிக்காரன்ரை உடுப்புத் தைக்க உனக்குக் கை கூசேல்லையோ, தங்கச்சி?" கூசியதுதான். ஆனால் தைத்தேன். கடை வாடகைக்குக் கூச்சம் தெரியாது.

போருக்குப் போய் விடுப்பில் வரும் ஒவ்வொரு முறையும் அவர் மெலிந்திருந்தார். கோட்டைப் பிடித்துத் தைப்பதற்காக வருவார். கண்ணாடிக்கு முன்னால் கையை விரித்துக்கொண்டு நிற்கும் மனிதர்கள் ஏனோ மனம் திறந்து பேசுவார்கள். அவரும் பேசினார். பஸ் ஓட்டுநரின் மகன். பதினெட்டு வயதில் வெறும் சிப்பாயாகச் சேர்ந்து, ஒவ்வொரு படியாக ஏறி அதிகாரியானவர். அந்தக் கதைகளையெல்லாம்விட அதிகமாக அவர் சொன்னது தன்னுடைய மொழிபெயர்ப்பாளரைப் பற்றி. பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் படிப்பித்த ஓர் ஈராக்கிய இளைஞர். ஒருநாள் இவர்களுடைய வண்டிகள் ஒரு தெருவுக்குள் திரும்பும் நேரத்தில், கடைகள் பகலிலேயே பூட்டிக் கிடக்கின்றன, உள்ளே போகவேண்டாம் என்று அவர் தடுத்திருக்கிறார். அந்தத் தெருவில் கண்ணிவெடி இருந்தது. பகலில் கடை பூட்டினால் ஓடு என்பது எங்கள் ஊரில் குழந்தைக்கும் தெரியும். அன்றைக்குத்தான் அந்தக் காக்கிக்குள் ஒரு மனிதரை நான் பார்த்தேன்.

இடையிடையே எங்கள் பேச்சிலிருந்து அவர் சொற்களைப் பொறுக்கிக்கொண்டார். போனில் நான் சொல்வதைக் கேட்டுக் கேட்டு, அளவு சரியா என்றால் "ஓம்" என்பார். அவருக்கு மிகவும் பிடித்த சொல் "ஏலாது", முடியாது என்பதற்கு நாங்கள் சொல்வது. அதைச் சொல்லும்போது மேசையில் கையால் ஒரு தட்டுத் தட்டுவார்.

மூன்றாவது முறை வந்தபோது முகம் மலர்ந்திருந்தது. அடுத்த மாதம் லெப்டினன்ட் கர்னல் பட்டியலில் தன் பெயர் வருவது உறுதி என்றார். கிரீடத்துக்குக் கீழே ஒரு நட்சத்திரம் ஏறும்; அதன் காம்பு நுழையத் துளை வேண்டும். எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. தைத்ததைப் பிரிக்கலாம், துளை போட்டால் போட்டதுதான். பொருள் கைக்கு வராமல் துளை போடுவதில்லை. என் கணவரும் அதையே சொன்னார். "நட்சத்திரம் வரட்டும், இப்ப என்ன அவசரம்?" நான் கேட்கவில்லை. அந்த மனிதருக்குக் கிடைக்கப்போகும் பெருமை எனக்கே கிடைத்ததுபோல இருந்தது. இரண்டு தோளிலும் துளையிட்டு, விளிம்பை நூலால் சுற்றிக் கட்டி வைத்தேன். பிழை என்னுடையதுதான்.

அதே நாட்களில் அந்த மொழிபெயர்ப்பாளரின் வீட்டுக் கதவில் கொலை மிரட்டல் ஒட்டினார்கள். அவரையும் மனைவியையும் இங்கே அழைத்துக்கொள்ளும்படி மேஜர் மேலிடத்துக்கு எழுதினார். உள்ளூரில் வேலைக்கு எடுத்த ஆள், வேலை முடிந்ததோடு நம் பொறுப்பும் முடிந்தது என்று பதில் வந்தது. மறுபடி எழுதினார். பட்டியல் வரும் நேரத்தில் இதெல்லாம் வேண்டாம், கடிதத்தைத் திரும்பப் பெறு என்று நண்பனைப்போல ஒருவர் புத்தி சொன்னாராம். "நான் என்ன சொன்னேன் தெரியுமா? ஏலாது" என்று என் மேசையில் தட்டினார் மேஜர். பாராளுமன்ற உறுப்பினர் ஒருவருக்கும் எழுதினார். கடிதம் ஒரு மேசையிலிருந்து இன்னொரு மேசைக்கு ஆற அமரப் போய்க்கொண்டிருந்தது. அதற்குள் அந்த இளைஞரை மருந்துக் கடை வாசலில் வைத்துச் சுட்டுவிட்டார்கள்.

அகதியாக வந்த எங்கள் சனத்திடம் இந்த நாடு ஆதாரம் கேட்டது. காயத்தைக் காட்டு, கடிதத்தைக் காட்டு, செத்தவர்களின் பத்திரத்தைக் காட்டு என்றார்கள். ஆதாரம் இல்லையென்று எத்தனை பேரைத் திருப்பினார்கள்! அந்த இளைஞருக்கு இவர்களுடைய மேஜரே கையெழுத்துப் போட்டு ஆதாரம் கொடுத்தார். அதுவும் போதவில்லை. தங்கள் ஆபத்தில் அவருடைய நாக்கு வேண்டியிருந்தது, ஆபத்து அவருக்கு வந்ததும் கை கழுவிவிட்டார்கள்.

பட்டியல் வந்தது. மேஜரின் பெயர் இல்லை. வாயை மூடிக்கொண்டிருந்தவர்களின் பெயர்கள் இருந்தன. சில மாதங்களில் அவர் படையை விட்டு விலகினார். கோட்டைக் கொண்டுவந்து மேசையில் வைத்து, துளையைக் காட்டி, "மூட ஏலுமோ?" என்று தமிழிலேயே கேட்டார். என் முகத்தைப் பார்க்கவில்லை. அவமானப்பட வேண்டியவர்கள் எங்கோ விருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள், அவமானம் இவர் தலையில். கோட்டின் உள்மடிப்பிலிருந்து இழை உருவி, இழைக்கு இழை கோர்த்து மூன்று நாள் வேலை செய்தேன். என் வாழ்நாளில் அவ்வளவு நன்றாக நான் எதையும் இழையோட்டியதில்லை. எல்லோருமாகச் சேர்ந்து மறைத்ததை நானும் என் ஊசியால் மறைத்துக் கொடுத்திருக்கிறேன் என்பது பிறகுதான் உறைத்தது.

கோட்டோடு வந்த அன்றைக்கு மேஜரின் மகளை உட்காரவைத்து இவ்வளவையும் சொன்னேன். அவளுக்கு ஒன்றும் தெரியவில்லை. வீட்டில் அப்பா அடிக்கடி மேசையைத் தட்டி ஏதோ ஒரு சொல் சொல்வார், அது இராணுவச் சொல் என்று நினைத்திருந்தேன் என்றாள். "ஏலாது" என்றேன். அவள் கண் நிறைந்துவிட்டது. தோள்பட்டியைத் தொட்டு, "அந்தத் துளைகளைத் திறக்க முடியுமா?" என்று கேட்டாள்.

சிறிய பிளேடை எடுத்து, மூன்று நாள் கோர்த்த இழைகளை அரை மணி நேரத்தில் வெட்டி எடுத்தேன். விளிம்பைப் புது நூலால் சுற்றிக் கட்டினேன். அவள் அட்டையின் கடைசி வரியைப் பேனாவால் அடித்துவிட்டு, அந்த மொழிபெயர்ப்பாளரின் பெயர் என்ன என்று கேட்டாள். கண்ணாடிக்கு முன்னால் நின்று மேஜர் எத்தனையோ தடவை சொன்ன பெயர். சொன்னேன். எழுதிக்கொண்டாள்.