ஒரே கை வண்டி

சத்தியமா நடந்தது, செல்லங்களா. பேய்க்கு ராத்திரிதான் தோது என்று யார் சொன்னது? இது பட்டப்பகல். மத்தியானம் ரெண்டு மணி பத்து நிமிஷம். சாப்பிட்டுக்கொண்டே படிக்கிறவர்கள் தட்டைத் தள்ளி வைத்துவிடுங்கள்.

அவரை எல்லோரும் சோப்பு என்றுதான் கூப்பிடுவார்கள். ஜெராக்ஸ் கடைக்காரர். ஒரு தாள் எடுத்துக் கொடுத்தால் ஒரு தரம் கை கழுவுவார். மெக்கானிக் எண்ணெய்க் கையை சீட்டிலேயே துடைக்கிறான் என்கிற ஒரே காரணத்துக்காக, பைக்கின் தேய்ந்துபோன பிரேக் பேடைத் தானே மாற்றிவிடலாம் என்று வீட்டு முன்னால் உட்கார்ந்தார்.

பழைய பைக். வாங்கி ஒரு வாரம்தான். "ஒரே கை வண்டி சார், வேற கை பட்டதே இல்லை" என்று சொல்லித் தரகர் இவர் தலையில் கட்டிவிட்டுப் போயிருந்தார். நேற்றிலிருந்து முன் பிரேக் கிறீச்சென்று கத்துகிறது. நாலு மணிக்கு மகளைப் பள்ளியிலிருந்து கூட்டி வர வேண்டும். பள்ளி ஒரு செங்குத்தான இறக்கத்தின் அடியில். அங்கே பிரேக் பிடிக்காவிட்டால் நேரே கேட்டில் நிற்கிற பிள்ளைகள் மேல்தான்.

"நீங்களா கிரீஸ்ல கை வைக்கப் போறீங்க? இருங்க, போட்டோ எடுக்கறேன்," என்று மனைவி உள்ளேயிருந்து சிரித்தாள்.

"எடு, எடு. அப்படியே பழைய துணியும் எடுத்துட்டு வா."

பழைய பேட்களைக் கழற்றினார். காகிதமாய்த் தேய்ந்திருந்தன. உள்ளே கறுப்புச் சேறு. அதிலிருந்து ஒரு நாற்றம்... எண்ணெய் நாற்றம் இல்லை. அலமாரிக்குப் பின்னால் எலி செத்தால் மூன்றாம் நாள் வருமே, அது. சேற்றில் வெளுப்பாய் ஏதோ ஒட்டியிருந்தது. பிளாஸ்டிக் துண்டு என்று கிள்ளி எடுத்தார்.

நகம். முழு நகம். அடியில் காய்ந்த சதையோடு.

ஓடிப்போய்க் கை கழுவினார். மூன்று தரம்.

புது பேட் உள்ளே போக வேண்டுமானால், பேடை நெருக்குகிற பிஸ்டனை அழுத்தி உள்ளே தள்ள வேண்டும். யாராவது பிரேக்கைப் பிடித்தால் அது திரும்ப வெளியே வந்துவிடும். 2.40க்குத் தள்ளினார். துணி எடுக்கத் திரும்பினார்.

க்ளக்.

பிஸ்டன் வெளியே நின்றது.

"ஏய், பிரேக்கைப் பிடிச்சியா?"

"நான் உள்ள துணி மடிச்சிட்டிருக்கேன். உங்க வண்டியை நான் ஏங்க தொடறேன்?"

2.55. தள்ளினார். க்ளக்.

3.10. தள்ளிவிட்டு, இந்தத் தரம் ஹேண்டிலை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. பிரேக் லீவர் மெதுவாக... தானாக... உள்ளே போனது. அப்படியே நின்றது.

தொட்டுப் பார்த்தார். வெதுவெதுப்பு. பிசுபிசுப்பு. வியர்த்த கை ஒன்று பிடித்துக்கொண்டே இருக்கிற மாதிரி.

ஓரமாய்ப் போய் வாந்தி எடுத்தார்.

மணி 3.35.

"கையை எடுங்க," என்றார், யாரிடம் என்று தெரியாமலே. "புள்ள காத்திட்டிருப்பா."

லீவர் விட்டது.

பிஸ்டனை மறுபடி தள்ளி, அவசர அவசரமாக மாட்டி, 3.48க்குக் கிளம்பினார். ஒன்றை மறந்துவிட்டார். புது பேட் மாட்டினால், கிளம்பும் முன் லீவரை ஏழெட்டுத் தரம் அழுத்தி இறுக்க வேண்டும். இல்லாவிட்டால் முதல் பிடிக்குப் பிரேக் பிடிக்காது.

இறக்கத்தின் பாதியில் லீவரைப் பிடித்தார்.

காற்று. வெறும் காற்று.

பின் பிரேக்கை மிதித்தார். வண்டி வழுக்கியது...

கீழே கேட். பிள்ளைகள். நடுவில் மகளின் சிவப்புப் பை.

அப்போது... அவர் கைமேல் ஒரு கை.

வெதுவெதுப்பாய்.

க்ளக். க்ளக். க்ளக்.

நாலாவது அழுத்தலில் வண்டி நின்றது. மகளுக்கும் சக்கரத்துக்கும் நடுவே ஒரு முழம்.

"அப்பா, என்னப்பா இப்படி நாறுது?" என்று அவள் மூக்கைப் பிடித்தாள்.

அவர் தன் கையையே பார்த்தார். தன் விரல்மேல் படிந்திருந்த அந்த விரல்... நுனி கொழகொழவென்று... நகமே இல்லாமல்.

மறுநாள், வண்டிக் காகிதத்தில் இருந்த முகவரியைத் தேடிப் போனார். ஓர் அம்மா கதவைத் திறந்தாள்.

"என் வீட்டுக்காரர் வண்டிங்க. ஒரு நாள் மத்தியானம் அவரே வீட்டுல புது பேட் மாத்தினார். மாட்டும்போது விரல் நசுங்கி நகம் பிஞ்சிடுச்சு. வலியில, லீவரை அழுத்திப் பார்க்காமலே கிளம்பிட்டார். இறக்கத்துல... அங்கேயே உயிர் போயிடுச்சு. பிரேக்கை விட்டு அந்தக் கையைப் பிரிக்கவே முடியலைங்க."

"அப்புறம் யாரு ஓட்டினது?"

"யாரும் இல்லை. ரெண்டு வருஷமா பூட்டின ஷெட்டுல சும்மாதான் நின்னுச்சு. போன வாரம் தரகர் வந்து வேன்ல ஏத்திட்டுப் போனார்."

புது பேட். ரெண்டு வருஷம் ஓடாத சக்கரம். இவர் ஓட்டிய ஒரு வாரத்தில் காகிதமாய்த் தேயுமா?

"மத்தியானத்துல மட்டும் ஷெட்டுக்குள்ள க்ளக் க்ளக்னு சத்தம் வரும். ஒரே நாத்தம் வேற," என்றாள் அந்த அம்மா. "எலின்னுதான் நினைச்சோம்..."