காலையில் ஷூ விற்பதில்லை

என் வீட்டுக்காரர் அருள்ஜோசப், ஓசூர் சிப்காட் பக்கம் சேஃப்டி ஷூ கடை வைத்திருக்கிறார். காலையில் வாங்க வருகிறவர்களைத் திருப்பி அனுப்பிவிடுவார். "ஷிப்ட்டு முடிஞ்சு வாங்க. நாளெல்லாம் நின்ன கால் வீங்கியிருக்கும், அப்ப போட்டுப் பாத்தாத்தான் சரியான அளவு தெரியும்" என்பார். கன்னடக்காரருக்கு "சாயங்கால பன்னி". தெலுங்குக்காரருக்கு "சாயந்த்ரம் ரண்டி". மூன்று பாஷையில் வியாபாரத்தை விரட்டத் தெரிந்த மனுஷன் இவர் ஒருத்தர்தான்!

எதிரே பெரிய ஷூ கடை வந்ததும் எங்களிடம் கூட்டம் குறைந்தது. அந்த நேரத்தில்தான் ஒரு புதுக் கம்பெனியின் சேஃப்டி ஆபீசர் விஜயகுமார் வந்தார். வேலைக்குச் சேர்ந்த பெண்கள் அத்தனை பேருக்கும் ஷூ வேண்டுமாம். அந்த ஆர்டர் கிடைக்காவிட்டால் கடையை மூடிவிட்டு சொந்த ஊர் ஊத்தங்கரைக்குப் பஸ் ஏற வேண்டியதுதான். நான் காபி போட ஓடினேன்.

"காலையில அளவெடுத்தா கடிக்கும் சார். சாயந்திரம் நானே கம்பெனி கேட்டுக்கு வர்றேன்" என்றார் இவர்.

"இப்பவே வேணுங்க."

"அப்ப எதிர்க்கடையில பாருங்க சார், அங்க சரக்கு நிறைய இருக்கு."

காபியோடு நான் வந்தபோது ஆபீசர் ரோட்டைக் கடந்துகொண்டிருந்தார். வந்த கோபத்தில் அந்தக் காபியை நானே குடித்தேன்.

"வழி வேற காட்டுறீங்களா? கையப் புடிச்சுக் கூட்டிட்டுப் போய் விட்டுட்டு வர வேண்டியதுதானே!" என்றேன். இவர் சிரித்தார். சிரித்தால் கடை ஓடுமா?

அடுத்த வாரமே அந்தப் பெண்கள் நொண்டிக்கொண்டு வந்தார்கள். முதலில் வந்தவள் உத்தனப்பள்ளி மாதேஸ்வரி. குதிகால் தோல் உரிந்திருந்தது. "மாத்தித் தர மாட்டேங்கறாங்கண்ணா" என்றாள். இவர் அவளை உட்காரவைத்து, எதிர்க்கடை ஷூவின் குதிகால் பக்கத்தைத் தட்டித் தளர்த்தி, உள்ளே மெத்தென்று ஒரு பட்டை ஒட்டிக் கொடுத்தார். காசு வாங்கவில்லை. புதுசு வாங்கச் சொல்லவுமில்லை. மறுநாள் ஒரு பஸ் கூட்டமே வந்தது. எனக்கு வயிறு எரிந்தது. ஆனாலும் எல்லோருக்கும் பிளாஸ்டர் ஒட்டியது நான்தான். பாவம், நின்றே வேலை செய்கிற பிள்ளைகள்.

இனி அந்த அண்ணன் கடை ஷூ தந்தால்தான் போடுவோம் என்று அவர்கள் கம்பெனியில் ஒரே பிடியாக நின்றுவிட்டார்கள். ஒரு நாள் காலையில் விஜயகுமார் மறுபடி வந்தார். வாசலில் வண்டி நிறையப் பெண்கள்.

"இனிமே எங்க ஷூ எல்லாம் உங்க கடையிலதாம்மா. உடனே அளவெடுத்துடலாமா?"

இவர் டீ குடிக்கப் போயிருந்தார். கல்லாவில் நான். நாங்கள் பிழைப்பதற்கான வியாபாரம் வாசலில் வந்து நிற்கிறது!

"காலையில நாங்க அளவெடுக்கறதில்ல சார்" என்றேன். "ஷிப்ட்டு முடிஞ்சு கூட்டிட்டு வாங்க. இப்ப காபி குடிச்சிட்டுப் போங்க."