கேட்டதை மட்டும் எழுதிய அலியார்

கிண்ணியா அலியார் போர்க்காலத்தில் இராணுவ முகாமொன்றில் வேலை பார்த்தவர். புலிகள் இயக்கத்தினர் வோக்கி டோக்கியில் கதைப்பதை ஒட்டுக்கேட்டுச் சிங்களத்தில் எழுதிக் கொடுப்பார். அங்கே ஒரே விதி: கேட்டதை எழுத வேண்டும், நினைத்ததை எழுதக் கூடாது.

சென்ற மாசி மாதம் கிளிவெட்டியிலிருந்து கோணேஸ்வரி, அவர் பார்த்த வேலையைக் கேள்விப்பட்டுத் தேடி வந்தார். இரண்டாயிரத்து ஆறில் இயக்கம் கொண்டுபோன அவருடைய மகன் டிலக்சனுக்கு அப்போது பதினேழு வயது.

"காக்கா, அவன் செத்திட்டானெண்டு அப்பவே சொல்லிப்போட்டினம். தனியக் கிடந்து செத்தவனோ எண்டுதான் எனக்குத் தெரியவேணும். தனிய இருக்க அவனுக்குச் சரியான பயம். இந்தக் குரலை ஒருக்காக் கேளுங்கோ."

"இருபது வருசமாகப் போகுது, தங்கச்சி. இப்ப எனக்குப் பாங்குச் சத்தமே பாதிதான் கேக்குது."

கோணேஸ்வரி விடவில்லை, கைபேசியை அவர் காதருகே பிடித்தார். பழைய ஒலிநாடாவிலிருந்து எடுத்த பதிவு அது. ஒரு பையன் கணக்கு வாத்தியாரைப் போல அதட்டினான். பிறகு பஸ் நடத்துநரைப் போலக் கூவினான். குரலை மாற்றும் ஒவ்வொரு முறையும் மூக்கால் மெல்லச் சிரித்தான்.

"எல்லாம் இவன் ஒருத்தன்தான். குசினிக்குள்ள அடுப்படியில நிண்டு ஊரையே கதைக்கவைப்பான், குரங்கு!"

அந்த மூக்குச் சிரிப்பை அலியார் ஒரு காலைப்பொழுது முழுவதும் கேட்டிருக்கிறார். அன்று வோக்கியில் குளக்கட்டொன்றிலிருந்து மூன்று பேர் மூன்று பெயர்களில் மாறி மாறிக் கதைத்தனர்: ஒருவர் சோறு கேட்டார், ஒருவர் ஆள் கணக்குச் சொன்னார், ஒருவர் அதட்டினார். பெரிய அணியொன்று அங்கே நிற்பதாக இராணுவத்தை நம்பவைக்க இயக்கம் செய்த ஏற்பாடு அது. உண்மையான அணி வேறிடத்தில் ஆற்றைக் கடந்துகொண்டிருந்தது. மூவரும் ஒருவரே என்ற சந்தேகத்தை அலியார் அதிகாரியிடம் சொன்னார்.

"கேட்டது எத்தனை குரல்?"

"மூன்று, சேர்."

"அதை எழுது."

எழுதினார். பத்து நிமிடத்தில் குளக்கட்டின்மீது எறிகணைகள் விழுந்தன. அதன்பின் ஒரு குரலும் கேட்கவில்லை.

"இவன்தானே, காக்கா?"

"ஓம், தங்கச்சி. குளக்கட்டில. செல் விழுந்தது."

"தனியவோ?"

உண்மையைச் சொல்ல அவரால் இயலவில்லை. பொய் சொல்லவும் நா எழவில்லை. பழைய விதி ஒன்றே மிஞ்சியிருந்தது.

"நான் கேட்டது மூண்டு குரல்."

கோணேஸ்வரி நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு நெடுநேரம் அழுதார். பிறகு முகத்தைத் துடைத்தார்.

"அப்ப ரெண்டு பேர் கூட இருந்திருக்கினம். அந்தப் பிள்ளையளின்ர பேர் என்ன, காக்கா? அதுகளின்ர தாய்மாரும் தேடிக்கொண்டுதானே இருப்பினம். நான் போய்ச் சொல்லவேணும்."

இல்லாத இருவருக்கு டிலக்சன் வோக்கியில் வைத்த அந்த இரண்டு பெயர்களும் அலியாருக்கு நன்றாக நினைவிருந்தன. கோணேஸ்வரி பெயர்களைப் பதிந்துகொள்ளக் கைபேசியைத் திறந்து காத்திருந்தார்.