உபதேசியாரின் குடை

வளைந்த மரக்கைப்பிடி போட்ட அந்தக் கறுப்புக் குடையை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வாய் கசக்கிறது. தென்காசியில் எங்கள் மாதா கோயில் உபதேசியார் அதை வெயிலிலும் விடமாட்டார். சாமியார் புளியறைப் பக்கம் பூசைக்குப் போய்விட்டால் கோயில் சாவி, கல்லறைத் தோட்டத்துச் சாவி, மோட்சத்துச் சாவி எல்லாமே தன் மடியில் இருப்பதாக அவருக்கு ஒரு நினைப்பு.

ஐம்பதுகளில் நடந்தது இது. எனக்குப் பத்து வயது. அம்மா கல்யாணத்துக்காகக் கிறிஸ்தவ வேதத்தில் சேர்ந்தவள். எங்கள் வீட்டோடு இருந்த அவள் தங்கை, என் சித்தி, யாருக்காகவும் இல்லாமல் தானாகவே ஞானஸ்நானம் கேட்டாள். அதற்காக ஞாயிறுதோறும் எங்களைப் போன்ற வாண்டுகளோடு தரையில் உட்கார்ந்து ஞானோபதேசம் படித்தாள். "ஞானஸ்நானம் எத்தனை வகை?" என்று உபதேசியார் குடை நுனியால் தரையைத் தட்டுவார். "தண்ணீர், இரத்தம், ஆசை!" என்று கத்துவோம். தண்ணீர் கிடைக்குமுன் செத்தாலும் மனதார ஆசைப்பட்டவருக்கு மோட்சம் உண்டு என்று விளக்குவதும் அவர்தான். சித்திக்கு எல்லாம் மனப்பாடம். விசுவாச மந்திரத்தில் மட்டும் ஒரு வரி விட்டுப்போகும். "ஏட்டி, இதுகூட ஏறாத மண்டைக்குத் தண்ணி ஒரு கேடா?" என்று சிரிப்பார். நாங்களும் சிரித்தோம். அந்த வெட்கம் எனக்கு இன்னும் போகவில்லை. பெரியவர்களுக்கு ஞானஸ்நானம் கொடுக்கிற பாஸ்குத் திருநாள், அதுதான் ஈஸ்டர், இப்படியே இரண்டு கடந்துபோயிற்று.

ஆனிச் சாரலில் சித்தி காய்ச்சலில் விழுந்தாள். மூன்றாம் நாள் காலையில் பேச்சுக் குழறியது. சாமியார் ஊரில் இல்லை. அப்பா உபதேசியாரிடம் ஓடினார். சாகக்கிடப்பவருக்கு யார் வேண்டுமானாலும் தண்ணீர் ஊற்றலாம் என்பதும் அவர் நடத்திய பாடந்தான். ஆனால் அன்றைக்கு அவர், "காய்ச்சலுக்கெல்லாம் ஞானஸ்நானமா வே? முதல்ல மந்திரத்த ஒழுங்காச் சொல்லட்டும். நீராப் போயித் தண்ணி கிண்ணி ஊத்திராதேயும், அது பாவம்" என்று மிரட்டி அனுப்பினார். அப்பாவும் நம்பித் தொலைத்தார். குற்றாலத்தில் அருவி இரைந்து கொட்டிக்கொண்டிருந்த அந்த நாளில், ஒரு கை தண்ணீர் இல்லாமல் மத்தியானத்துக்குள் சித்தி போய்விட்டாள்.

சித்தியைத் தூக்கிக்கொண்டு போனபோது கல்லறைத் தோட்டத்து வாசலைப் பூட்டிக்கொண்டு உள்ளே நின்றார் உபதேசியார்.

"தண்ணி படாதவளுக்கு உள்ள இடம் கிடையாது."

"ஆசையே போதும்னு நீருதான வே புள்ளைகளுக்குச் சொல்லிக் குடுக்கீரு?" என்றார் அப்பா.

"அது பாடம். இவ ஆசப்பட்டான்னு எவன் கண்டான்?"

இரண்டு வருஷம் எதிரே உட்கார்ந்திருந்தவளைப் பற்றிக் கேட்கிற கேள்வியா இது? சே, என்ன மனுஷன்! சாரல் சித்தியின் நெற்றியை நனைத்துக்கொண்டிருந்தது. அவரோ தன் தோள் நனையாதபடி குடையைச் சாய்த்துக்கொண்டார். சித்தியை மதிலுக்கு வெளியேதான் புதைத்தோம்.

இரண்டு நாள் கழித்து வந்த சாமியார் அவரைக் கிழிகிழியென்று கிழித்தார். "அந்தப் பொண்ணு உமக்கு முந்தி மோட்சம் போயாச்சு ஓய்" என்று சொல்லிவிட்டு, மதிலுக்கு வெளியே சேற்றில் நின்று செபம் சொல்லிக் குழியை மந்திரித்தார். உபதேசியார் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டார். அடுத்த ஞாயிறு அதே குடை, அதே தட்டு, அதே கேள்வி. வெட்கங்கெட்ட ஜென்மம். நான் மட்டும் வாயைத் திறக்கவில்லை.

அறுபதுகளில் ஒருநாள், குற்றாலத்துக்கு எண்ணெய் தேய்த்துக் குளிக்கப்போன உபதேசியார் மாரைப் பிடித்துக்கொண்டு விழுந்தார். சாமியாரிடம் பாவத்தைச் சொல்லி மன்னிப்புப் பெறும் பாவசங்கீர்த்தனம் இல்லை, சாகுமுன் எண்ணெய் பூசும் அவஸ்தைப் பூசுதல் இல்லை. "அப்பா பாவசங்கீர்த்தனம் பண்ணணும்னு ஆசயாத்தான் இருந்தாவ சாமி" என்று பிள்ளைகள் அழுதார்கள். எவன் கண்டான் என்று யாரும் கேட்கவில்லை. எங்கள் அப்பாகூடக் கேட்கவில்லை. வாசலுக்குப் பக்கத்திலேயே நல்ல இடமாகப் பார்த்துப் புதைத்தார்கள்.

போன ஆனியில் போயிருந்தேன். உபதேசியார் கல்லறைக்கு மேல் சிமெண்டில் கூரை போட்டிருக்கிறார்கள். செத்த பிறகும் மனுஷர் நனையவில்லை. மதிலுக்கு வெளியே போய், சித்தியைப் புதைத்த இடத்தில் என் குடையை மடக்கினேன். நனைந்துகொண்டே விசுவாச மந்திரத்தைச் சத்தமாகச் சொன்னேன். சித்தி விட்டுவிடும் அந்த ஒரு வரியை நானும் சொல்லவில்லை.