சேதுமாதவனின் சாவி

பிரபாவதி ஷார்ஜாவில் ஒரு கட்டுமான நிறுவனத்தின் கணினிப் பிரிவில் இருக்கிறார். ஓய்வு நேரத்தில், எவரும் இலவசமாக எடுத்துக்கொள்ளக்கூடிய ஒரு தமிழ்ப் பிழைதிருத்தி மென்பொருளைப் பராமரிக்கிறார். நான்கு வருடமாக அதில் அவருக்குத் துணை அன்பரசன். புஜைராவில் எண்ணெய்க் கிடங்கில் டெக்னீஷியன். இருவரும் சாட்டில் மட்டுமே பேசியவர்கள். நேரில் பார்த்ததில்லை, குரல்கூடக் கேட்டதில்லை.

புதிய பதிப்புகளை வெளியிடும் உரிமையை அன்பரசனுக்கும் கொடுக்க நினைத்தார் பிரபாவதி. ஆனால் உள்ளுக்குள் பயம். வேறொரு குழுவில் நல்லவனாகப் பழகிய ஒருவன், அதே உரிமை கிடைத்ததும் மென்பொருளுக்குள் உளவு நிரலைச் செருகிய கதையைக் கேட்டதிலிருந்து அவருக்குச் சரியான தூக்கமில்லை.

அதனால் சத்வா பகுதியில் ஓர் உணவகத்தின் மாடியில் நடந்த கூட்டத்துக்கு அன்பரசனை வரச் சொன்னார். இப்படி நிரல் எழுதுகிறவர்கள், அனுப்பியது தாம்தான் என்று காட்ட ஆளுக்கொரு கணினிச் சாவி வைத்திருப்பார்கள். அதன் எண்ணை அச்சிட்ட சீட்டையும் அடையாள அட்டையையும் கூட்டத்தில் காட்ட வேண்டும். பெயர் பொருந்தினால், ‘இது இவருடைய சாவிதான்’ என்று மற்றவர்கள் வீட்டுக்குப் போய்த் தம் சாவியால் கையொப்பமிடுவார்கள். அது எல்லோர் பார்வைக்கும் போகும்.

“யல்லா, வரிசையா வாங்க” என்றார் கூட்டத்தை நடத்திய நிஜாம்.

ஒல்லியான ஒருவர் பிரபாவதியின் எதிரே வந்து நின்றார். சீட்டில் அன்பரசன் என்றிருந்தது. எமிரேட்ஸ் ஐடி அட்டையில் சேதுமாதவன்.

பிரபாவதி அட்டையைத் திருப்பிக் காட்டினார். “இது யாரு?”

“நான்தான்க்கா. அன்பரசன் நானா வச்சுக்கிட்ட பேரு. எங்க கம்பெனியில வெளிவேலைன்னா மாஃபி, கூடவே கூடாது. தெரிஞ்சா விசாவே போயிரும்.”

“நாலு வருஷமா சொல்லலையே?”

“நீங்க கேக்கலையேக்கா.”

அங்கேயே அந்தச் சாவியால் மட்டும் திறக்கக்கூடிய பூட்டுப் போட்டு, ஒரு சொல்லை அவருக்கு அனுப்பினார் பிரபாவதி. தன் லேப்டாப்பில் அதைத் திறந்த சேதுமாதவன், “முருங்கைக்காய்” என்று படித்தார். சரிதான்; அந்தச் சாவியை வைத்திருப்பவர் இவரேதான். ஆனால் பெயர்?

“உங்கள நம்புறேன். அன்பரசன்னு ஒருத்தர் இருக்கார்னு நான் எப்படிச் சாட்சி சொல்றது?”

“அப்ப வேண்டாம்க்கா” என்று சீட்டை மட்டும் அவர் கையில் கொடுத்துவிட்டு, டீ கூடக் குடிக்காமல் புஜைரா பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டார்.

அதற்குப் பிறகு அவரிடமிருந்து ஒரு வரிகூட வரவில்லை. அலுவலகத்தில் போன் அதிரும்போதெல்லாம் பிரபாவதி பதறி எடுத்தார். கூட்டத்தில் யாராவது கேட்டு, அவர் கம்பெனிக்குச் சொல்லியிருப்பார்களோ? தன் பேச்சால் ஒருவர் வேலை போய்விட்டதோ? கணவர் முரளிதரன், “நீ பண்ணது சரிதான்” என்றார். அது மனத்தில் ஏறவில்லை.

பத்து நாள் கழித்துப் போன் வந்தது. “மேனேஜர்கிட்ட நானே சொல்லிட்டேன்க்கா. ரெண்டு நாள் முறைச்சிக்கிட்டே இருந்தாரு. அப்புறம், ‘சம்பளம் வாங்காம செய்றதுதானே, டூட்டி நேரத்துல மட்டும் கூடாது’ன்னுட்டாரு. சாவியில என் சொந்தப் பேரையும் சேத்துட்டேன். பாருங்க.”

“நிஜமா சொல்றீங்களா? எனக்காகப் பொய் சொல்லலையே?”

“சத்தியமாக்கா. தைரியமாக் கையெழுத்துப் போடுங்க.”

சத்வாவில் வாங்கிய சீட்டை எடுத்து, அதிலிருந்த எண்ணைச் சாவியின் எண்ணோடு ஒவ்வொரு இலக்கமாக இருமுறை ஒப்பிட்டார். அட்டையில் பார்த்த அதே பெயர். அன்பரசனை விட்டுவிட்டு, சேதுமாதவன் என்ற பெயருக்கு மட்டும் கையொப்பமிட்டார்.

வெளியிடும் உரிமையும் கிடைத்து, அடுத்த பதிப்பைச் சேதுமாதவன் வெளியிட்டார். பிரபாவதி அதை முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை படித்துப் பார்த்தார். தவறு எதுவும் இல்லை. ஆனாலும் சேதுமாதவனின் வேலை நிலைத்திருக்கிறதா என்ற கவலையில், அந்த மாதம் முழுக்க, “டூட்டிக்குப் போயிட்டீங்களா?” என்று காலையில் அவருக்கு ஒரு செய்தி அனுப்பாமல் அவரால் இருக்க முடியவில்லை.